மூன்று நாள் யோக்கியனின் யூரிக் ஆசிட்

ஸ்டென்ட் வைத்துக்கொண்டு நான் வீட்டுக்குத் திரும்பியபோது என் இதயத்தில் இரண்டு சமாச்சாரங்கள் இருந்தன. ஒன்று, புதிதாகத் திறந்துவிட்ட ரத்தக்குழாய். இன்னொன்று, பாதி அடைத்தபடி அப்படியே விட்டுவைத்த ரத்தக்குழாய். மாத்திரையும் சாப்பாடும் ஒழுங்காக இருந்தால் இரண்டாவதைத் தொட வேண்டியதில்லை, இல்லையென்றால் மறுபடியும் ஆபரேஷன் மேசையில் படுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்தப் பாதிக் குழாயைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

டாக்டர் அத்திப்பள்ளி தாண்டி, கர்நாடகப் பக்கத்தில் இருக்கிறார். கன்னடம் கலந்த தமிழ். என் ரத்தத்தில் யூரிக் ஆசிட் எட்டரை என்று பார்த்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பாடம் எடுத்தார். ரத்தக்குழாயின் உள்பக்கம் மெல்லிய தோல் மாதிரி ஒன்று இருக்கிறதாம். ரத்தம் அதிகம் தேவைப்படும்போது குழாயை விரியச் சொல்வது அதன் வேலை. யூரிக் ஆசிட் ஏறிய இதய நோயாளிகளிடம் அந்தத் தோல் பல நேரம் சோம்பேறியாகக் கிடக்கிறதாம். யூரிக் ஆசிட்தான் அதைக் கெடுக்கிறதா, கெட்ட இடத்தில் சும்மா நிற்கிறதா என்று பெரியவர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்களாம். எங்கே சண்டை நடந்தாலும் அங்கே நிற்கிற ஆளைப் போலீஸ் முதலில் ஜீப்பில் ஏற்றுமே, அப்படி என் யூரிக் ஆசிட்டை ஏற்றினார். ஏற்கெனவே இருந்த ஏழு மாத்திரையோடு எட்டாவதாக ஒன்று எழுதினார்.

நான் ஓசூரில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். இருபத்தாறு வருஷமாக. வண்டிக் கம்பெனிக்காரர்கள் ஆடிட்டுக்கு வருகிறார்கள் என்றால் எங்களுக்கு மூன்று நாள் முன்பே தெரிந்துவிடும். தரைக்கு மஞ்சள் கோடு புதிதாக அடிப்போம். கழித்துப்போட்ட பாகங்களை கேன்டீனுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடுவோம். எந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று ஆப்பரேட்டர்களுக்கு ஒப்பிக்கக் கற்றுக்கொடுப்பது நான். அந்த மூன்று நாளும் எங்களைப் போன்ற தொழிற்சாலை உலகத்தில் கிடையாது. நாலாம் நாள் தார்ப்பாய் இறங்கிவிடும்.

அப்படிப்பட்டவனிடம் போய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை என்று தேதியும் போட்டுக் கொடுத்தால் நான் என்ன செய்வேன்?

காலையும் ராத்திரியும் விழுங்க வேண்டிய ஏழு மாத்திரையை மனைவி கையிலேயே கொடுத்துவிடுவாள். எட்டாவது மதியம் சாப்பிட்ட பிறகு. அதைக் கம்பெனியில் போட்டுக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனேன். ஏழோடு எட்டும் சேர்ந்தால் நான் மனிதன் இல்லை, மருந்துக்கடை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மாத்திரை அட்டை என் மேசை இழுப்பறையில் பழைய அளவுகோல்களோடு தூங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஈரல் வறுவல், புதன்கிழமை குடல், நடுவில் யாராவது பிரியாணிக்குக் கூப்பிட்டால் நட்பு. பரிசோதனைக்கு மூன்று நாள் இருக்கும்போது தார்ப்பாய் போடுவேன். களியும் கீரையும் மட்டும். நாலு பாட்டில் தண்ணீர். அட்டையிலிருந்து தினம் ஒரு மாத்திரை.

இதற்கு நடுவே தக்காளியை விட்டுவிட்டேன். யூரிக் ஆசிட்டுக்குத் தக்காளி ஆகாது என்று கம்பெனி பஸ்ஸில் ஒருவர் சொன்னார். மாமனார் ராயக்கோட்டையில் தக்காளி போடுகிறவர். அவர் வீட்டிலேயே உட்கார்ந்து, ரசத்திலிருந்து ஒவ்வொரு தோலாகப் பொறுக்கி இலை ஓரத்தில் வைத்தேன். மாப்பிள்ளையின் கட்டுப்பாட்டைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது. இரண்டாவது முறை கறிக்குழம்பு ஊற்றச் சொன்னபோதும் கலங்கியதா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆறுக்குள் இருந்தால் பாஸ். முதல் தடவை நம்பர் ஐந்து புள்ளி ஏழு. இரண்டாவது தடவையும் அதற்குப் பக்கத்திலேயே. டாக்டர் சந்தோஷமாகி, இப்படியே போனால் பாதிக் குழாயைப் பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம், அடுத்தது ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். மனைவி தெரு முழுக்கச் சொன்னாள். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது, ஆனால் மாலை கழுத்தில் விழும்போது யார் தடுப்பார்கள்?

ஒரு மாதம் கழித்து, காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது வலது கால் கட்டைவிரல் சிவந்து உருண்டு நின்றது. சாக்ஸ் பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்தது. இரும்பு மூக்கு வைத்த சேஃப்டி ஷூவுக்குள் அதை நுழைப்பதாவது. பாத்ரூம் செருப்போடு கம்பெனி கேட்டுக்குப் போனேன். செக்யூரிட்டி கல்லாவி ஊர்க்காரர், கறாரான ஆள்.

"ஷூ இல்லாம உள்ள விட முடியாது சார். ரூல் போட்டதே நீங்கதான். போர்டுல உங்க கையெழுத்து கீது பாருங்க."

போர்டில் என் கையெழுத்து அழகாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்து மெடிக்கலில் ஒரு வலி மாத்திரை வாங்கி வரும்படி மனைவியிடம் சொன்னேன். இதயத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர் கண்ட வலி மாத்திரையைப் போடக்கூடாது என்று டாக்டர் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. ஆட்டோ பிடித்து, என்னை ஏற்றிக்கொண்டு நேராக எல்லை தாண்டினாள்.

டாக்டர் விரலைப் பார்த்தார், பழைய ரிப்போர்ட்களைப் பார்த்தார், மறுபடி விரலைப் பார்த்தார். பார்த்தால் யூரிக் ஆசிட் வீக்கம் மாதிரி இருக்கிறது, ஆனால் நம்பர் இவ்வளவு நாளாக நன்றாக இருந்திருக்கிறதே, மூட்டுக்குள் சீழ் பிடித்திருந்தால் உங்கள் இதயத்துக்கு ஆபத்து, உள்ளே இருக்கும் நீரை எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். எதைக் கொண்டு எடுப்பார்கள் என்று கேட்டேன். ஊசியைக் காட்டினார். எங்கே குத்துவீர்கள் என்று கேட்டேன். அதையும் காட்டினார்.

எனக்கு ஞானம் பிறந்தது அந்த இடத்தில்தான்.

"டாக்டர், அந்த நம்பர் என்னுது இல்ல."

"மத்தே யாருது?"

"என்னுதுதான். மூணு நாளைக்கு மட்டும்."

எல்லாவற்றையும் சொன்னேன். தார்ப்பாய், களி, இழுப்பறை, ஈரல். மனைவி பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை.

டாக்டர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நோடி சார், அந்த நம்பரையும் சேத்துப் பாத்துதான் உங்க ரெண்டாவது பைப்பை சும்மா விட்டேன். நான் சாயங்காலம் வீட்டுக்குப் போயிடுவேன். பைப் உங்க கூடதான் வரும்."

மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "டாக்டர், அந்த ஊசிய எப்படியும் போடலாமுங்களா?"

"போடத்தாம்மா போறேன். இனிமே இவர் சொல்றத நம்பறதில்ல, ஊசி சொல்றதுதான்."

ஊசி என்னைவிட நாணயமானது. நீரில் யூரிக் ஆசிட்டின் உப்புத் துணுக்குகள், சீழ் இல்லை. நம்பரை இப்படி ஏற்றி இறக்கி விளையாடினாலே விரல் இப்படி வெடிக்கும் என்றார். தக்காளி மேல் எந்தக் குற்றமும் இல்லை என்பதையும் போகிற போக்கில் சொன்னார். ஆனால் பாதிக் குழாய் என்ன நிலையில் இருக்கிறது என்று தெரிய டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும், இந்தக் காலோடு ஓட முடியாது, மூன்று வாரம் பொறுங்கள் என்றார்.

அந்த மூன்று வாரம் நான் ஜோக் எதுவும் சொல்லவில்லை என்று மனைவி இன்றும் சாட்சி சொல்வாள். எட்டாவது மாத்திரையை அவள் எதிரில் விழுங்கி, நாக்கைத் தூக்கிக் காட்டினேன். மூச்சு கொஞ்சம் வாங்கினாலும் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். ராத்திரியில் அவள் என் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பது தெரியும். தூங்குவதாக நடித்தேன். நடிப்பு எனக்குப் புதிதா?

மூன்று வாரம் கழித்து ஓடினேன். நெஞ்சில் ஒயர்களோடு, நுரை தள்ள. பார்த்தவரை குழாய் மோசமாகவில்லை என்றார் டாக்டர். அதற்கு நீங்கள் காரணம் இல்லை என்று சேர்த்துக்கொண்டார். யூரிக் ஆசிட் ஏழு புள்ளி நான்கு. பாஸ் மார்க் இல்லை. அந்தத் தாளைப் பார்த்துத்தான் அவர் முதல்முறையாக நிம்மதியாகத் தலையாட்டி, மாத்திரையின் அளவைக் கூட்டினார்.

திரும்பும் பஸ்ஸில் மனைவிக்கு ராயக்கோட்டையிலிருந்து போன். ரிப்போர்ட் எப்படி என்று மாமனார் கேட்டிருப்பார்.

"நல்லா இல்லப்பா. ஆனா நெஜமான நம்பரு," என்றாள்.

போனை வைத்தவள் என் தோளில் சாய்ந்து, வாய் திறந்தபடி தூங்கிவிட்டாள். ஓசூர் வரும் வரை அசையவில்லை. கூட்டத்தில் கண்டக்டர் என் வலது காலை மிதித்தபோதுகூட, அவள் தூக்கம் கலையக்கூடாதென்று நான் சத்தம் போடவில்லை.

இது பொய். போட்டேன். அவள்தான் எழவில்லை.