மஞ்சள் விளக்கும் பால்குடமும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நான் ஒரு மடையன். என் பழைய காரின் டாஷ்போர்டில், சறுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தபோது, பட்டறைக்குப் போகாமல் அதன்மேல் ஒரு முருகன் ஸ்டிக்கரை ஒட்டியவன். கண்ணுக்குத் தெரியாத விளக்கு எரியவில்லை என்பது என் கணக்கு. பேய், பிசாசு, அருள்வாக்கு எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை; அந்தக் கார் இன்னும் ஓடும் என்பதில் மட்டும் இருந்தது. நீங்கள் சிரிக்கலாம், நானே பாதி இடங்களில் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எங்கள் மகள் டெங்கிக் காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்து எழுந்தால் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக என் மனைவி மாலா நேர்ந்துகொண்டாள். பிள்ளை எழுந்து, பள்ளிக்குப் போய், என்னை எதிர்த்துப் பேசவும் தொடங்கிய பிறகு, ஒரு ஞாயிறு காலை எங்கள் வீடிருக்கும் செபராங் ஜெயாவிலிருந்து கிளம்பினோம். என் இருக்கைக்குப் பின்னால் மாலா, மடியில் குடம். அவள் தோளில் சாய்ந்து தூங்கும் மகள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து ஊற்றிய பால், குடத்தின் வாயில் மஞ்சள் துணி கட்டியிருந்தது.

"ஏங்க, ஒரு சொட்டு சிந்தக்கூடாது. சிந்துச்சுன்னா நேர்ந்தது போச்சு. பிள்ளைக்கு ஆகாது."

"நான் ஓட்டுற வேகத்துக்குப் பால் தயிராகும், சிந்தாது லா."

தீவுக்குப் போகும் கடல் பாலத்தில் ஏறினால் தூறல். கடலும் இல்லை, வானமும் இல்லை, எல்லாம் ஒரே வெள்ளை, பாலுக்குள்ளேயே ஓட்டிப்போகிற மாதிரி இருந்தது, வைப்பர் போய்வரும் சத்தத்தில் எனக்கே கண் சொக்கியது. அப்போது கார் தானாக பிரேக் பிடித்தது. என் கால் பிரேக்கில் இல்லை, சத்தியமாக இல்லை. கர்ர் என்று ஒரு நடுக்கம், பெல்ட் நெஞ்சை இறுக்கியது, பின்னால் வந்த லாரி ஹாரனடித்து விலகிப் போனது. அந்த நொடியில் என் பின்கழுத்தில் ஏதோ சொட்டியது. ஒன்று, இன்னொன்று. வெதுவெதுப்பாகக் காலருக்குள் இறங்கியது.

திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

"பால்?" என்றேன்.

"இருக்கு. ரோட்டப் பாருங்க."

பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் கார் ஓடியது.

மலைமேல் அர்ச்சகர் துணியை அவிழ்த்தபோது எட்டிப் பார்த்தேன். குடம் விளிம்புவரை நிரம்பியிருந்தது. துணி காய்ந்திருந்தது. தொட்டால் குடம் இன்னும் சில்லென்றிருந்தது. என் காலரோ பிசுபிசுவென்று, பால் வாசனையோடு. மாலாவிடம் மூச்சு விடவில்லை. சிந்திவிட்டது என்று உடைந்துபோவாள்.

மறுநாள் பட்டறை அண்ணன் காரைச் சோதித்தார்.

"சென்சர் கெட்டுப்போச்சு தம்பி. காடி நேராத்தான் போகுது, ஆனா சறுக்குதுன்னு அதுவா நெனச்சுக்கிட்டு பிரேக் புடிக்குது. பழைய காடில இதெல்லாம் வரும். ஆனா வெளக்கு மேல சாமி படம் ஒட்டுனவன இப்பதான் பாக்குறேன்."

"அண்ணே, சென்சர் கெட்டா கழுத்துல பால் சொட்டுமா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த காருக்குப் போய்விட்டார்.

சென்சர் மாற்றியாயிற்று, விளக்கும் அணைந்தது. ஆனாலும் இன்றுவரை அந்தப் பாலத்தில் பிரேக் மிதித்தால் என் பின்கழுத்து வெதுவெதுக்கிறது. போன வாரம் தாங்க முடியாமல் மாலாவிடம் சொல்லிவிட்டேன். அன்று என் காலரில் பால் சொட்டியது, அது உன் குடத்துப் பால் இல்லை, எந்தப் பால் என்று எனக்குத் தெரியவில்லை என்று.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை.

"தெரியும். அந்தச் சட்டையத் தொவச்சது நாந்தானே."