பிள்ளையோடு வளர்ந்த கற்கள்

லாங்கன்தாலில் நாங்கள் இருந்தது மூன்றாம் மாடியில். கார்த்திகை பிறந்தால் அந்த ஊரில் பனிப்புகார் இறங்கும். காலையில் காணாமல் போன எதிர்க்கட்டடம் சில நாட்களில் பின்னேரமாகியும் திரும்பி வராது. கணவருக்கு உணவகமொன்றின் சமையலறையில் வேலை. அவர் போனபின் வீட்டில் நானும் மூன்று மாதக் கைக்குழந்தையான மகனும்தான். எண்பதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வந்திருக்கவில்லை.

கீழ் மாடியில் ஓர் அக்கா இருந்தார். சொந்தமில்லை. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், கல்யாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளை இல்லை. என் பிள்ளைப்பேற்றுப் பத்தியத்தை அவர் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மிளகும் மல்லியும் மஞ்சளும் அரைத்துக் காய்ச்சிய சரக்குக் கறி, அதன்மேல் மிதக்க மிதக்க நல்லெண்ணெய், பக்கத்தில் நல்லெண்ணெயிலேயே பொரித்த முட்டை. அந்த எண்ணெய் சூரிச்சிலிருந்து வரவேண்டும். எப்படியோ வந்துகொண்டே இருந்தது. ஊரில் நாற்பத்தொரு நாள் கழிந்ததும் பத்தியம் தளரும். அக்காவிடம் அந்தப் பேச்சே இல்லை.

"இந்தக் குளிருக்கு உள்காயம் ஆறாது பிள்ளை. சாப்பிடு," என்பார். நானும் சாப்பிட்டேன். அம்மா இல்லாத இடத்தில் ஒருத்தி ஊட்டிவிடாத குறையாக நிற்கும்போது எப்படி வேண்டாம் என்பது?

முதல் தடவை வந்தது ஒரு பின்னேரம், சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தபோது. வலது விலாவுக்குக் கீழே ஏதோ இறுகியது. இறுகி, முதுகால் ஏறி, வலது தோளில் வந்து நின்றது. யாரோ பின்னாலிருந்து தோளில் கைவைத்தது போலவே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. யன்னலில் புகார். பிரசவ வலி வரும், போகும், மூச்சுவிட இடம் தரும். இது அப்படியில்லை. வந்து இருந்துவிட்டது. நான் தரையில் குந்திக் கிடந்தேன். நன்றாக இருட்டியபிறகு, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு அது அடிக்கடி வந்தது. எப்போதும் நான் தனியாக இருக்கும்போது, எப்போதும் அந்த வலது தோள். மகனை மடியில் வைத்திருந்தால் சில நேரம் அவன் என்னைப் பார்க்காமல் என் தோளுக்கு மேலால் பார்த்துச் சிரிப்பான். குழந்தைகள் அப்படித்தான் பார்க்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பிப் பார்ப்பேன்.

அக்காவிடம் சொன்னேன்.

"அது வாய்வு," என்றார். அன்று கறியில் இன்னும் கொஞ்சம் எண்ணெய், இன்னுமொரு முட்டை. அன்று பின்னேரம் வந்த வலியில் சுவரைப் பிறாண்டினேன்.

அடுத்த முறை அக்கா குரலைத் தாழ்த்தினார். "பிள்ளைப்பெத்தவளைத் தனிய விடப்படாது. ஏதும் அண்டியிருக்கும்." நெற்றியில் திருநீறு பூசி, காய் வெட்டும் கத்தியைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

நான் பள்ளியில் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள். தவளையை அறுத்து, அதன் ஈரலுக்குக் கீழே பச்சை மணியாய்க் கிடக்கும் பித்தப்பையைக் காட்டிப் புள்ளி வாங்கியவள். அப்படிப்பட்ட மகாராணி கத்திமேல் தலைவைத்துப் படுத்தாள். பேய்க்குப் பயந்தல்ல. என் பயமெல்லாம் ஒன்றுதான்: இப்போது நான் செத்துப்போனால் இவனுக்கு என் முகமே தெரியாது. படத்தைக் காட்டி இதுதான் அம்மா என்று யாராவது சொல்ல வேண்டியிருக்கும்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. கை இரண்டும் சோர்ந்தன. தண்ணீரிலிருந்து அவனை வழித்தெடுத்துத் துவாயில் போட்டதுதான் நினைவு. வாந்தி, வியர்வை, நடுக்கம். காலால் தரையை உதைத்து அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா கடைக்கு ஓடி அங்கிருந்து கணவருக்குத் தொலைபேசி எடுத்தார்.

வந்தவர் வாசலிலேயே தயங்கினார். "பிள்ளைப்பேறு வேற, நோயெண்டு ஆஸ்பத்திரியில பதிஞ்சா பொலிசுக்குத் தெரியவரும் எண்டு பெடியள் கதைக்கிறாங்கள். வருத்தக்காரரைத் திருப்பி அனுப்புவாங்களாம்."

"அனுப்பட்டும்! பிணத்தை அனுப்புறதைவிட அது செலவு குறைவு," என்று கத்தினேன். அவர் என் குளிரங்கியை எடுத்து வந்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

மருத்துவர் விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்தி, மூச்சை இழுக்கச் சொன்னார். பாதியில் என் மூச்சு அறுந்து நின்றது. அவர் தலையாட்டினார், தேடியது கிடைத்தவர் மாதிரி. பிறகு இருட்டறை. வயிற்றில் குளிர்ந்த களியைப் பூசி அதே கருவியை வைத்தார்கள். கர்ப்பமாயிருந்தபோது அதில்தான் மகனின் இதயம் துடிப்பதைப் பார்த்தேன். இப்போது சாம்பல் நிறப் புழுதிக்கு நடுவில் ஒரு கறுத்த பை. பைக்குள் வெள்ளைக் கட்டிகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் நீளமாக விழுந்த கறுப்பு நிழல். இடப்பக்கம் புரளச் சொன்னார்கள். புரண்டேன். உள்ளே அவையும் மெல்ல உருண்டன.



கணவரின் ஜெர்மன் முழுக்க அடுப்படி ஜெர்மன். ஆனாலும் அன்று அதுவே போதுமாயிருந்தது. என்ன சாப்பிடுகிறார் என்று மருத்துவர் கேட்டார். எண்ணெய், முட்டை, மீண்டும் எண்ணெய் என்று இவர் பெருமையாக எண்ணிக் காட்டினார். மருத்துவர் பேனையை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

தாளில் வரைந்து விளக்கினார். கொழுப்பு வயிற்றுக்குள் போனால் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைப் பிழிந்து விடும். அந்த வெள்ளைக் கட்டிகள் பித்தக்கற்கள். பையின் வாசலில் கல் அடைத்திருந்தால் பை வீணாக நெரியும். அதுதான் வலி. தோளில் தெரிவது நரம்பு சொல்லும் பொய். மாத்திரையால் கரைப்பதற்கு மாதக்கணக்காகும், எனக்கு அது சரிவராது. வீக்கம் தணிந்தபின் வெட்டிப் பையோடு எடுத்துவிடலாம், பை இல்லாமலும் மனிதர் வாழலாம். கடைசியாக ஒன்று சொன்னார்: கர்ப்ப காலத்தில்தான் பலருக்கு இது உண்டாகிறது. ஒரே வயிற்றில் நான் பிள்ளையையும் கல்லையும் சேர்த்து வளர்த்திருக்கிறேன். நான் பாடிய பாட்டையெல்லாம் அவையும் கேட்டிருக்கும்.

அக்கா அழுதார். "நானே உனக்கு நஞ்சு வைச்சிட்டன்," என்றார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர்மேல் அல்ல, உயிரியல் படித்த என்மேல். அவித்த மரக்கறியும் சோறுமாக வாரங்கள் போயின. வலி வரவில்லை. அது இன்னும் மோசம். சாப்பிட்டபின் ஒவ்வொரு நாளும் நான் அசையாமல் இருந்து அதற்காகக் காத்திருந்தேன்.

மாசி மாதம் வெட்டுவதென்று முடிவானது. மகனுக்கு அப்போது ஆறு மாதம். அவனை அக்காவின் கையில் கொடுத்தேன்.

"நான் வராட்டி இவன் உங்கட பிள்ளை."

"விசர்க் கதை கதையாத," என்றார் அக்கா. ஆனால் அவனை நெஞ்சோடு அணைத்த விதத்தைக் கண்டேன்.

விலாவின் ஓரமாக ஒரு சாண் நீளத்துக்கு வெட்டினார்கள். கண் விழித்தபோது வயிற்றிலிருந்து ஒரு குழாய் தொங்கியது. மறுநாள் தாதி சிறு போத்தலில் கற்களைக் கொண்டுவந்து தந்தார். மண்ணிறம், துவரம்பருப்பின் அளவு. ஒன்றோடொன்று உரசி, பக்கங்கள் வழுவழுவென்று பட்டையாகியிருந்தன. இவ்வளவு நாளும் இவை உள்ளே நெருக்கியடித்துக் கூடியிருந்திருக்கின்றன. போத்தலை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். ஊரெல்லாம் காய்ச்சல் என்று குழந்தையை உள்ளே விடவில்லை. பால் கட்டிக் காய்ச்சல் வந்து, பிறகு வற்றிப்போனது. இரண்டு வாரத்துக்குமேல் கிடந்தேன்.

வீடு திரும்பிய அன்று அக்கா அவனைத் தூக்கிக்கொண்டு படியில் நின்றார். நான் கையை நீட்டினேன். அவன் என்னைப் பார்த்தான். வழியில் போகும் யாரையோ பார்ப்பது போல நிதானமாகப் பார்த்தான். பிறகு உதடு பிதுங்கியது. அக்காவின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

செத்தால்தான் என் பிள்ளை என்னை அறியமாட்டான் என்று நினைத்திருந்தேன்.

"அம்மா வந்திட்டா, பாரடா," என்று அக்கா அவன் விரல்களைத் தன் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். அவனை என் கையில் வைத்தார். அவன் வீறிட்டான். காலால் உதைத்தான். ஓர் உதை தையலில் விழுந்து கண் இருண்டது. நான் அவனைக் கீழே இறக்கவில்லை.