கலங்கி வந்த கசிவு

மழை விட்ட இன்று காலை, எங்கள் மதிற்சுவரின் அடியில் செம்மண் நீர் கசிந்து வந்தது. அதைப் பார்த்ததும், களக்காட்டுப் பக்கம் ஓடையை மறித்து அப்பா சொந்தமாகக் கட்டியிருந்த சின்ன மண் அணை நினைவுக்கு வந்தது.

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தைய ஐப்பசி அது. எனக்கு எட்டு வயது. விடாத மழையில் அணை நிரம்பித் தளும்பியது. கரையின் வெளிப்புற அடியில் அம்மா குனிந்து பார்த்தாள்.

"இங்கன பாருங்க. தண்ணி கலங்கி வருது."

"மண் கரைன்னா கசியத்தான் செய்யும்" என்றார் அப்பா.

"தெளிஞ்சு வந்தா நானும் பேசாம இருப்பேன். இது கரையோட மண்ணை அரிச்சுல்லா கொண்டு வருது. கோடியில வெட்டி விடுங்க."

தென்கோடியில் வெட்டினால் தண்ணீர் எங்கள் வயலில்தான் பாயும். நெல் கதிர் விட்டிருந்தது. கரை உடைந்தாலோ, கீழே இருந்த குடிசைகள் மிஞ்சாது.

அம்மா சேலையைச் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள். அவள் நாலு வெட்டு வெட்டியதும் அப்பா அதை வாங்கிக்கொண்டார்.

"பைய ஏறி, அந்தப் பக்கம் நில்லு."

எங்கள் வயல் முழுதும் முங்கியது.

தண்ணீர் வடிந்த பிறகு அப்பா கசிந்த இடத்தில் கையை விட்டார். தோள்வரை உள்ளே போனது.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் கேப்பைக் கூழ்தான். அம்மா ஊற்றியதை அப்பா ஒருநாளும் குறை சொல்லிக் குடித்ததில்லை.