அடுப்பு சைவமா, அசைவமா?

கோழி தின்கிறவர்களுக்கு நாக்குக்கு வேலை. மிச்சத்தை அள்ளுகிற எங்களுக்கு மூக்குக்கு வேலை. மீன், தோல், வெங்காயம் என்று ஏதாவது ஒரு வாடையைத் தினமும் வீட்டுக்குக் கூட்டிப்போகிற சக தொழிலாளிகளே, நீங்களாவது முகம் சுளிக்காமல் கேட்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். தென்காசி, குற்றாலம் கோழிக்கடைக் கழிவையும் பண்ணை எச்சத்தையும் சாணியோடு மூடிய தொட்டியில் புளிக்கவைத்து, எரிவாயுவும் எருவும் எடுப்பது என் தொழில். இலஞ்சிக்குப் பக்கத்தில், என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் சம்பாதித்து வாங்கிய நிலத்தில் நடக்கிறது.

பஸ்ஸில் ராஜ மரியாதை

வண்டி ரிப்பேரான அன்று வீரகேரளம்புதூர் கோழிப்பண்ணைக்குப் பஸ்ஸில் போய் வந்தேன். திரும்பும்போது நிற்கவே இடமில்லாத கூட்டம். நான் ஏறிய இரண்டாவது நிமிஷம் பக்கத்து சீட்டு காலி, முன் சீட்டும் காலி. மகாராணி மாதிரி பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தேன். தென்காசியில் இறங்கும்போது கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "அக்கா, தெனமும் நம்ம பஸ்ஸுக்கே வாங்க. உங்க புண்ணியத்துல எனக்கு நடக்க வழி கெடைக்கி."

புரட்டாசியில் பட்டினி, தீபாவளியில் வாந்தி

புரட்டாசி வந்தால் பாதி ஊர் கறி தொடாது. கோழிக்கடைக்காரர்கள் ஈ ஓட்டுவார்கள், என் தொட்டி பட்டினி கிடக்கும். அடுப்பில் தீ சீக்காளி மாதிரி எரிந்தது. அந்த ஆத்திரத்தில் தீபாவளிக்கு மறுநாள் கடை கடையாகப் போய், குடலும் கொழுப்புமாக வண்டி நிறைய அள்ளி வந்து அத்தனையையும் ஒரே நாளில் கொட்டினேன்.

புத்தி கெட்ட வேலை. இரண்டே நாளில் தொட்டி நுரை கக்கியது, வாயு நின்றது, நாற்றம் ஊருக்குள் போனது. பக்கத்துத் தோப்பு சுப்பையா அண்ணாச்சி ஆள் சேர்த்து மனுக் கொடுத்துவிட்டார். கார்த்திகை முடிவதற்குள் வாடை நிற்காவிட்டால் மூடவேண்டியதுதான் என்று விசாரிக்க வந்த அதிகாரி சொல்லிவிட்டார். நான் அழுதே விட்டேன். என்னோடு வேலை பார்க்கும் பேச்சியக்கா அழவிடவில்லை: "மாட்டுக்கே வயித்தப் பாத்துத்தான் தீவனம் வைக்கோம். இந்தத் தொட்டிக்கு மட்டும் வயிறு இல்லையாக்கும்?"

குத்தாத மூட்டை

அன்றிலிருந்து கழிவை நிறுத்திச் சாணிக் கரைசல் மட்டும் ஊற்றினோம். கார்த்திகையில் குற்றாலம் முழுக்க ஐயப்பசாமிகள். கோழிக்கடைகள் மறுபடி தூங்கின. இந்தத் தடவை அதுவும் நல்லதற்கே. தொட்டி மெல்லத் தேறியது. பிறகு அளந்து அளந்து ஊட்டினோம்.

அப்போது பண்பொழியிலிருந்து ஒரு வாழைக்காரர் எரு வாங்க வந்தார். மூட்டையைப் பிரித்து மோந்தார். இன்னொன்றைப் பிரித்து மோந்தார். முகம் மாறிவிட்டது. "கோழி எருன்னா கண்ணு எரியணும்லா? ஒரு வாடையும் காணும். மண்ணைக் கலந்து ஏமாத்துதியளா?"

வாழ்க்கையில் இவ்வளவு இனிமையாக யாரும் என்னைத் திட்டியதில்லை.

அண்ணாச்சி குடித்த காபி

கார்த்திகை கடைசியில் அதிகாரி வந்தார். அண்ணாச்சியும் வந்தார். தொட்டியைச் சுற்றினார்கள், மோந்தார்கள். மூடச் சொன்னால் பேச்சியக்காவோடு நாலு குடும்பத்துப் பிழைப்பு போய்விடும். வாயால் வாதாடத் தெரியாமல், எங்கள் வாயு அடுப்பிலேயே காபி போட்டேன். தீ நீலமாக நின்று எரிந்தது.

அதிகாரி குடித்துவிட்டார். அண்ணாச்சி பரம்பரைச் சைவம், டம்ளரைத் தொடவில்லை. "ஏம்மா, இந்த அடுப்பு சைவமா, அசைவமா?" என்றார். "நீங்களே மோந்து பாருங்க அண்ணாச்சி," என்றேன். குனிந்து அடுப்பை மோந்தார், காபியை மோந்தார். பிறகு ஒரே மூச்சில் குடித்து டம்ளரைக் கவிழ்த்தார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"மனுவை என்ன செய்ய?" என்று அதிகாரி கேட்டதற்கு அண்ணாச்சி சொன்னார்: "கிழிச்சிராதீங்க சார். ஃபைல்லயே கெடக்கட்டும். அப்பதான் அடுத்த தீபாவளிக்கு இந்தப் பிள்ள அளந்து கொட்டும்."

ஊரே மூக்கைப் பொத்துகிற தொழில்தான். ஆனால் பொத்திய கையை எடுக்கவைத்து அதிலேயே காபி டம்ளரைக் கொடுத்தவள் என்று எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, அதை மட்டும் நான் புளிக்கவைப்பதாக இல்லை.