அடிமண்

நேற்றுக் காலையில் நம் குட்டியானை வண்டிக்குக் கீழே குனிந்து, அடியில் ஒட்டியிருந்த மண்ணைக் கிள்ளி நான் நாக்கில் வைத்ததைப் பார்த்துச் சின்னவள் கத்தினாளே, "ஏம்மா, அப்பா மண்ணு திங்காவ!" என்று. உங்கள் அம்மா அடுப்படியில் இருந்தபடியே, "இன்னைக்கு இட்லி பத்தலையோ என்னமோ" என்றாள். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். முந்தின நாள் வண்டியை ஓட்டிப் போய் வந்த பெரியவன் மட்டும் சிரிக்கவில்லை. "பசுவந்தனைக்குத்தான் போனேம்னு சொன்னேம்லாப்பா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அது முள்ளாகத் தைத்துவிட்டது. வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன். எட்டாங்கிளாஸோடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மழைக்குப் பிறகு கரிசலில் இறங்கிய செருப்பு திரும்பி வராது, உங்களுக்கே தெரியும். லாரி இறங்கினால் கேட்கவே வேண்டாம். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அடைத்து, சக்கரமே சுற்றாமல் நின்றுவிடும். அந்த ஈர மண்ணும் கிரீஸும் கலந்த வாசனை இருக்கிறதே, நேற்று அதுதான் என்னை முதலில் குனிய வைத்தது.

கலியாணத்துக்கு முன்னால் நானும் கனகராசு என்று ஒரு கூட்டாளியும் சேர்ந்து ஒரு பழைய லாரி வைத்திருந்தோம். முகப்பில் என் அம்மா பெயரும் அவன் அம்மா பெயரும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருக்கும். ஸ்டியரிங் அவன் பாடு. வண்டியின் அடி என் பாடு. முன்சக்கரத்தை ஒரு மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டு, சாக்கை விரித்து மல்லாக்கப் படுத்துக்கொள்வேன். உடைந்த ஸ்பிரிங் பட்டைத் துண்டு ஒன்றைத் தீட்டி வைத்திருந்தேன், அதுதான் என் ஆயுதம். கரிசல் ஈரமாக இருந்தால் கையோடு இழுக்கும். முழுக்கக் காய்ந்தால் கல். நடுவில் ஒரு பதம் உண்டு. அப்போது நெம்பினால் அடை அடையாகப் பெயர்ந்து விழும். ஒருநாள் மண்ணோடு உயிருள்ள தவளையும் என் மூஞ்சியில் விழுந்தது. பதறி எழுந்ததில் சேஸ் சட்டத்தில் நெற்றி இடித்துக்கொண்டது. இந்தத் தழும்பு மாடு முட்டியது என்று உங்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். மாடு இல்லை, தவளை. கனகராசு ஒரு மாதம் அதைச் சொல்லியே சிரித்தான்.

படுத்துப் படுத்து எனக்கு மண் பழகிவிட்டது. கழுகுமலைப் பக்கம் போய் வந்தால் இடையில் சிவப்பாகச் செவல் துணுக்கு இருக்கும். பசுவந்தனை என்றால் சோளத்தட்டை ஒட்டிய சுத்தக் கரிசல். வண்டி எங்கே போய் வந்தது என்று நான் சொல்ல, டீக்கடையில் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம்தான்.

எங்களுக்குள் ஒரே ஒரு பேச்சு இருந்தது: உப்பு ஏற்றக் கூடாது. நான் முன்பு கிளீனராக இருந்த லாரி உப்பு ஏற்றியே சேஸ் ஒடிந்து போனது. கழுகுமலையில் வண்டிக்குப் பூசை போட்ட அன்று கனகராசு சொன்னான்: "நம்ம வண்டில உப்பு ஏறிச்சின்னா நான் மனுசனே இல்லல மாப்ள."

ஒரு வருசம் ஐப்பசியில் லோடு கம்மி. ஆனாலும் பசுவந்தனைக்கு உரம், விதை என்று அவன் போய் வந்துகொண்டிருந்தான். ஒரு தடவை மழை விட்டு மூன்று நாள் நல்ல வெயில். மண் பதமாக இருக்கும் என்று கீழே படுத்தேன். மேல்மண் கரிசல்தான், அடையாகப் பெயர்ந்தது. உள்ளே இன்னொரு மண். சாம்பல் நிறம், மணல் மாதிரி. மூன்று நாள் வெயிலுக்குப் பிறகும் சொதசொதவென்று ஈரம். தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. பட்டையால் சேஸைத் தட்டினேன், துரு வர்க்கி மாதிரி அடுக்கடுக்காக உதிர்ந்தது.

"ஏலே, இங்கன வா. கீழ குனி."

"என்ன மாப்ள, தவளையா?" சிரித்துக்கொண்டேதான் வந்தான்.

என் கையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"குளத்தூர் உப்பளத்துக்கா போற?"

"பின்ன என்னல செய்யச் சொல்லுத? வெள்ளாமை வரட்டும்னு உக்காந்திருந்தா ரெண்டு வீட்லயும் அடுப்பு எரியுமா? நீ கீழ படுத்துக் கெடக்க. லோடு தேடி நாயா அலையுதது நாந்தானல."

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லால."

"சொன்னா நீ விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். அவன் பக்கமும் நியாயம் இருந்தது, அதை இன்றைக்கும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது.

"அப்ப மேல கரிசல் எப்படில வந்துச்சு?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "வார வழில கரிசக்காட்டுக்குள்ள எறக்கி ரெண்டு சுத்து சுத்திட்டு வருவேன். நீதான் மண்ணப் பாத்தே ஊரச் சொல்லிருவியே."

உப்பைக்கூட நான் மன்னித்திருப்பேன். அந்தப் பூச்சு எனக்காகவே பூசியது. நான் நெற்றியில் அடிபட்டுக் கற்றதை, டீக்கடையில் பெருமையடித்ததை, அவன் மனதில் வாங்கி எனக்கே திருப்பியிருந்தான். அந்தக் கரிசல் மூடிதான் உப்பைக் காயவிடாமல் வைத்து இரும்பைச் சீக்கிரம் தின்ன வைத்தது. பொங்கலுக்கு முன்னால் சேஸ் விட்டுவிட்டது. வண்டி பழைய இரும்புக்குப் போனது. அம்மாக்கள் பெயர் எழுதிய பலகையை அவனும் கேட்கவில்லை, நானும் கழற்றவில்லை. நான் தீப்பெட்டி ஆபீஸில் டிரைவராகப் போனேன். அவன் தூத்துக்குடி போய்விட்டான் என்றார்கள். அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

வண்டியை ஏற்றி நிறுத்துவோமே அந்த மேடு, அதன் மேல் இப்போது நாலுவழிச்சாலை ஓடுகிறது. வாட்டர் சர்வீஸில் விட்டால் பத்தே நிமிடம். பைப்பைத் திருப்பிப் பீய்ச்சினால் கரிசல், செவல், எல்லாம் ஒரே கறுப்புத் தண்ணீராகச் சாக்கடையில் போய்விடுகிறது. யாரும் வண்டிக்குக் கீழே படுப்பதில்லை. என் தொப்பைக்கு இனி நான் படுக்கவும் முடியாது. கனகராசு "பசுவந்தனை மாப்ள" என்று சொன்னதும், சரி என்று சாக்கை எடுத்துக்கொண்டு போன ஓர் ஆள் இருந்தானே, அவனும் இப்போது இல்லை.

பெரியவனே, நீ பசுவந்தனை என்றுதான் சொன்னாய். அதைக் கேட்ட பிறகும் நான் குனிந்தேன். நாக்கில் பட்டது வெறும் கரிசல். உன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் குழாயடிக்குப் போய் அவ்வளவு நேரம் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தேன்.