அம்மா எடுக்காத அப்பம்

யாரும் கற்றுக்கொடுக்காத பயம் ஒரு குழந்தைக்குள் எப்படி வந்து உட்காருகிறது? மருத்துவர் ஒரு பதில் சொன்னார். எங்கள் போதகரின் மனைவி ஒரு பதில் சொன்னார். இரண்டையும் கேட்ட பிறகும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு, 2007. என் மகளுக்கு அப்போது மூன்றரை வயது. சுருளிப்பட்டியில் எங்கள் வீடும் அம்மா வீடும் எதிரெதிரே இருக்கின்றன. ஒரு மாலை தெருவில் ஜீப் வந்து நின்று, கைபிரேக்கை இழுக்கும் கரகரச் சத்தம் கேட்டது. விளையாடிக்கொண்டிருந்தவள் எழுந்து, தரையில் கிடந்த எவர்சில்வர் டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாயின் மேல் வைத்தாள்.

"என்ன பாப்பா செய்யுற?"

"சத்தம் வரக்கூடாதும்மா."

அவள் வயதில் நானும் அதைத்தான் செய்தேன். என் அப்பா கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர். மாலை ஐந்தரைக்குத் திரும்புவார். ஒரு டம்ளர் உருண்டால்கூட அம்மாவுக்கு அடி விழும். ஆனால் என் மகள் பிறப்பதற்கு முன்பே அவர் கை ஓங்குவதை நிறுத்திவிட்டார். அவள் எதையும் பார்த்ததில்லை.

அன்று என் இடது கை மரத்துப்போனது. மூச்சு உள்ளே போகவில்லை. மாரடைப்பு என்று நினைத்து என் கணவர் தேனிக்குக் கூட்டிப்போனார். இ.சி.ஜி. (இதயத் துடிப்பை வரைந்து காட்டும் சோதனை) சரியாக இருந்தது. மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். 'பேனிக் டிஸார்டர்' (ஆபத்து இல்லாதபோதும் உடல் ஆபத்தில் இருப்பதுபோல் திடீரெனப் பதறும் நோய்) என்றார் அவர்.

மகளைப் பற்றிக் கேட்டேன். "பாப்பா உங்க அப்பாவப் பாத்துக் கத்துக்கலம்மா. ஜீப் சத்தம் கேக்கையில உங்க முகத்தப் பாத்துக் கத்துக்கிருச்சு" என்றார்.

பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள முயன்றேன். சாதாரண முகம் எப்படி இருக்கும் என்றே தெரியவில்லை.

மாத்திரையும் மூச்சுப் பயிற்சியும் தொடங்கி இரண்டு மாதத்தில் தேறினேன். அப்போதுதான் போதகரின் மனைவி வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டு, "உங்க அப்பாவ நீ மன்னிக்கல. அதான் இந்த நோவு. உன்னய விட்டு உம் பிள்ளைக்கும் இறங்கிருச்சு. மன்னிச்சேன்னு சபையில சாட்சி சொல்லு, விட்டுப்போயிரும்" என்றார்.

அடித்தவர் ஒருவர். நோய் எனக்கு. குற்றமும் எனக்கா? இதை அப்போதே கேட்டிருக்க வேண்டும். பெரியவர்கள் சொன்னால் கேட்டுப் பழகிவிட்டேன். பிள்ளைக்கு நல்லதென்றால் செய்துவிடலாமே என்றும் தோன்றியது.

அந்த ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்து நின்றேன். "எங்கப்பா எங்கம்மாவ அடிச்சத எல்லாம் நான் மன்னிச்சிட்டேன்" என்றேன். சபை அல்லேலூயா சொன்னது. ஆண்கள் பக்கத்தில் அப்பா அழுதார். நாலு பேர் அவரைக் கட்டிக்கொண்டார்கள். அம்மா மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "எம் முதுகுல விழுந்தத மன்னிக்க நீ யாருடி? இத்தன வருசம் ஒருத்தருக்கும் தெரியாம பல்லக் கடிச்சிட்டு இருந்தேன். ஊரையே கூட்டி வச்சுச் சொல்லிட்டியே ஆத்தா."



அப்பாவுக்கோ என் சாட்சி வசதியாகிவிட்டது. அன்றிலிருந்து அம்மா எதைச் சொன்னாலும், "கர்த்தரே மறந்துட்டாரு. பெத்த மகளே மன்னிச்சிட்டா. நீ ஏன் கிண்டுற?" என்று வாயை அடைத்தார். அவர் கையில் ஆயுதத்தைக் கொடுத்தவள் நான்.

இன்னொரு தவறும் செய்தேன். சாட்சி சொன்னபின் மாத்திரை சாப்பிட்டால் கடவுளை நம்பாததுபோல் ஆகுமே என்று நிறுத்திவிட்டேன். மூன்றாம் வாரம் கம்பம் பஸ் நிலையத்தில், வரிசையாக நின்ற ஜீப்புகளின் பக்கத்தில், மூச்சு அடைத்தது. மகளின் கையை எப்போது விட்டேன் என்று தெரியாது. ஒரு பூக்காரம்மாதான் அவளைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார். "பிள்ள ஒரு பொட்டு அழுகலைம்மா. வாயப் பொத்திக்கிட்டே நின்னுச்சு" என்றார்.

மருத்துவர் கோபப்பட்டார். "மாத்திரைய யாரும்மா நிறுத்தச் சொன்னது?"

"மன்னிச்சிட்டேன் டாக்டர். அதான்..."

"சுகர் மாத்திரையா இருந்தா மன்னிச்சிட்டேன்னு நிறுத்துவீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நிற்காமல் அழுகை வந்தது.

மறுபடி தேற ஆறு மாதம் பிடித்தது. ஒரு மாலை, ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் போனேன். இரண்டு நாள் மனப்பாடம் செய்த பேச்சு. பாதி மறந்துவிட்டது.

"அப்பா, என் பங்கத்தான் நான் மன்னிக்க முடியும். மன்னிச்சிட்டேன். அம்மா பங்கு அம்மாகிட்ட இருக்கு. நீங்கதான் கேக்கணும். அப்புறம், ஜீப்ப முக்குலயே நிறுத்திட்டு நடந்து வாங்க."

"ஏத்தா, கைபிரேக்கு போடுறதும் பாவமா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மறுநாள் ஜீப் தெருமுனையிலேயே நின்றது. சாப்பாட்டுத் தூக்கை ஆட்டிக்கொண்டு நடந்து வந்தார். அவர் லேசாக விந்தி நடப்பார் என்பதை அன்றுதான் பார்த்தேன். என் கை மரக்கவில்லை. நிஜமாக மன்னித்தது அந்த நேரத்தில்தான் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

அம்மாவிடம் அவர் இன்றுவரை கேட்கவில்லை.

எங்கள் சபையில் மனத்தாங்கல் உள்ளவர்கள் திருவிருந்து எடுக்கக்கூடாது. மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சை ரசமும் தரும் நேரத்தில், அப்பா முதல் ஆளாக முன்னே போகிறார். அவருக்கு யார் மேலும் வருத்தம் இல்லையாம். அம்மா பாயிலேயே உட்கார்ந்திருக்கிறாள். போதகரிடம் கேட்டேன். "அம்மா மனசு இளகட்டும்னு ஜெபிப்போம்மா. உங்கப்பாதான் மனந்திரும்பிட்டாரே" என்றார். அடித்த கைக்கு அப்பம் கிடைக்கிறது. அடிபட்ட முதுகு மாதாமாதம் சபைமுன் குற்றவாளியாக உட்கார்ந்திருக்கிறது. இது எந்த நியாயம்?

என் உடம்பு மாறிவிட்டது. ஐந்தரை மணி வெறும் ஐந்தரை மணியாக வருகிறது. சில நாள் அது கடந்துபோனதைக்கூடக் கவனிப்பதில்லை. மகள் டம்ளர்களை அடுக்கித் தள்ளிவிட்டுச் சிரிக்கிறாள். அந்தச் சத்தத்துக்காக எத்தனை மாத்திரையும் சாப்பிடலாம்.

போன மாதம் திருவிருந்தின்போது எழுந்தேன். மகள் என் சேலையைப் பிடித்துச் சபைக்கே கேட்கும்படி, "அம்மாச்சி மட்டும் ஏம்மா வரல? அம்மாச்சி என்ன தப்பு பண்ணுச்சு?" என்றாள். நான் போகவும் இல்லை, உட்காரவும் இல்லை.

நான் முன்னே போனால், அடிபட்டவளைத் தனியே விட்டுப்போவதுதான் மன்னிப்பு என்று மகள் கற்றுக்கொள்வாள். அம்மாவோடு உட்கார்ந்தால், நான் இறக்கிவைத்த பாரத்தை மகள் தூக்கிக்கொள்வாளோ என்று பயமாக இருக்கிறது. என் முகத்தைப் பார்த்துத்தான் அவள் எல்லாம் கற்கிறாள். இதே நிலையில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்: அடுத்த மாதம் முதல் ஞாயிறு நான் எழுந்திருக்கட்டுமா, உட்கார்ந்திருக்கட்டுமா?