ஏழரை முதல் ஒன்பது வரை

எழுபதுகளின் நடுப்பகுதியில் நானும் தம்பியும் மெல்பேர்னில், ரிச்மண்ட் பக்கம் இரண்டு அறை வீடொன்றில் இருந்தோம். எனக்கு ஒரு நில அளவை அலுவலகத்தில் வேலை. அவன் பொறியியல் படிக்க வந்தவன். வந்த இடத்தில், அயர்லாந்திலிருந்து வந்து பின்வீட்டில் குடியிருந்த மூன்று பேரோடு சேர்ந்து ட்ரம் அடிக்கத் தொடங்கிவிட்டான். யாழ்ப்பாணத்தில் ஆறு வருஷம் மிருதங்கம் பழகிய கை.

முதல் தடவை அவர்கள் ஒரு பப்பில் வாசித்தபோது கேட்டவர்கள் பதினொரு பேர், என்னையும் சேர்த்து. மூன்று மாதத்தில் அது நாற்பத்தாறு ஆனது. அடுத்த வருஷம் சென்ட் கில்டாவில் ஒரு மண்டபம்: பத்தொன்பது வரிசை, வரிசைக்கு முப்பத்திரண்டு கதிரை, நின்றவர்கள் வேறு. அந்தச் சத்தம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடிக்கும்போது தம்பியின் முகத்தில் இருந்த அமைதியை அவன் புத்தகத்தோடு இருக்கையில் நான் ஒருநாளும் கண்டதில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பிறகு லண்டன் இசைத்தட்டுக் கம்பெனி ஒன்றின் ஆள் சிட்னிக்கு வருவதாகத் தகவல் வந்தது. ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை இரவு அங்கே வாசிக்க வேண்டும். அந்த மனிதருக்குப் பிடித்தால் நால்வரும் லண்டன். தம்பி இரண்டு கிழமை சரியாகச் சாப்பிடவில்லை.

காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொன்ன வான் ஏழு முப்பத்திநாலுக்குத்தான் வாசலில் வந்து நின்றது. நான் படலைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இப்ப வெளிக்கிடேலாது. திங்கட்கிழமை ஏழரையிலயிருந்து ஒன்பது வரைக்கும் ராகுகாலம்."

எங்கள் வீட்டில் எந்தப் பயணமும் அந்த நேரத்தில் தொடங்கியதில்லை. தம்பி என்னையும் வானையும் மாறி மாறிப் பார்த்தான். குழுவின் பாட்டுக்காரப் பையன் வானிலிருந்து இறங்கி வந்தான். தம்பியைக் கேட்டுப் பழகி அவனும் என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவான்.

"இந்த ராகு யார் அண்ணை, உங்கள் மச்சானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். நான் சிரிக்கவில்லை என்றதும் குரலைத் தணித்தான். "எங்கள் அம்மாவும் சனிக்கிழமை வீடு மாற மாட்டா. எனக்கு விளங்குது. ஆனால் ரோட்டில் பன்னிரண்டு மணித்தியாலம் இருக்கிறதே."

என்னிடம் கணக்கு இருந்தது. வான் போகட்டும். தம்பி ஒன்பதுக்கு வெளிக்கிட்டு, பதினொரு மணி விமானத்தில் ஏறினால் பன்னிரண்டரைக்குச் சிட்னி. அவர்களுக்கு ஏழு மணித்தியாலம் முந்தியே அங்கே இருப்பான். மறுக்க யாருக்கும் இடமில்லை. வான் தம்பியின் ட்ரம்முடன் போய்விட்டது.

ஒன்பதுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். விமான நிலையத்தைப் பனிமூட்டம் மூடியிருந்தது. ஓடுபாதையே தெரியவில்லை. பதினொரு மணி விமானம் ஒரு மணியாகி, மூன்றாகி, கடைசியில் ஆறு நாற்பதுக்குத்தான் கிளம்பியது. அதுவரை நான் விமான நேரப் பலகையை எத்தனை தடவை பார்த்தேன் என்று அந்த ஒருநாள் மட்டும் எண்ணவில்லை. தம்பி இரண்டு விரலால் முழங்காலில் தட்டிக்கொண்டே இருந்தான்.

மறுநாள் காலை தொலைபேசியில் சொன்னான். "நான் போகேக்க பாதி முடிஞ்சுது அண்ணை. இன்னொரு குழுக்காரன் என்ர ட்ரம்மில இருந்தவன். நல்லா அடிச்சவன்."

கம்பெனிக்காரர் தான் பார்த்த நால்வரைத்தான் கேட்டார். நான் பின்வீட்டுக்குப் போய்ப் பாட்டுக்காரனிடம் கெஞ்சினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "என்னுடைய கையில் ஒன்றுமில்லை அண்ணை" என்றான். என்னுடைய கையிலும் இல்லை. செப்டெம்பரில் அவர்கள் லண்டனுக்குப் போனார்கள். அடுத்த மார்ச்சுக்குள் வானொலியில் அவர்கள் பாட்டு வந்தது. தம்பி எழுந்துபோய் அதை நிறுத்தவுமில்லை, சத்தத்தைக் கூட்டவுமில்லை.

அந்தப் பாட்டு வந்த கிழமைதான் அலுவலகத்தில் சூரிய உதய அட்டவணை ஒன்று என் கைக்கு வந்தது. சும்மா அந்தத் திங்கட்கிழமையைப் பார்த்தேன். உதயம் ஏழு முப்பத்தைந்து. ராகுகாலம் உதயத்திலிருந்து எண்ண வேண்டியது. ஊரில் ஆறு மணிக்கு விடிவதால் ஏழரை. இங்கே பகலை எட்டாகப் பிரித்தால் இரண்டாம் பங்கு எட்டு நாற்பத்தேழிலிருந்து ஒன்பது ஐம்பத்தெட்டு வரை. வான் வந்தபோது ராகுகாலம் தொடங்கவேயில்லை. அது தொடங்கிப் பதின்மூன்றாவது நிமிஷத்தில்தான் நான் அவனைப் படி இறக்கியிருக்கிறேன். நில அளவைக்காரன், சூரியனை வைத்துத் திசை கணிக்கிறவன்.

மூன்று நாள் சுமந்துவிட்டு, தாளை அவன் முன்னால் வைத்தேன். அவன் அதைப் பார்க்கவில்லை.

"எனக்கு அண்டைக்கே தெரியும் அண்ணை. வான் வரேக்க விடியவே இல்லை. லைட்டைப் போட்டுக்கொண்டுதானே வந்தவங்கள்."

"பிறகேன்ரா சொல்லேல்ல?"

"சொல்லியிருந்தா படலையை விட்டிருப்பியளோ?"

விட்டிருப்பேன் என்று சொல்ல வாய் திறந்தேன். அவன் காத்திருந்தான். பிறகு தாளை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, வகுப்புக்கு நேரமாகிறது என்று போனான்.